படலையில் தொங்கும் சாக்கு

காலையில் மருமகன் தொலைபேசி எடுத்தபோது நான் குசினியில் ஜாம் போத்தல் ஒன்றைக் கழுவிக்கொண்டு நின்றேன். "மாமா, அப்பா மோசம் போயிட்டார்" என்று சாவுச் செய்தி சொன்னான். அந்தப் போத்தல் அவருக்காகத்தான். ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிய, குருநகருக்குக் கொண்டுபோய்க் கொடுக்க இருந்தேன்.

அருளப்பு என் மகளின் மாமனார். நண்டு வலை போட்டவர். அவரைத் தெரிந்தவர்களுக்கு அவர் வீட்டு வாசல் படலையில் தொங்கும் போத்தல் சாக்கும் தெரிந்திருக்கும்.

பிள்ளைகளின் கலியாணத்தன்று எங்கள் ஆட்கள் மண்டபத்தின் பின்பக்கம் இருந்து குடித்துவிட்டுப் போத்தல்களை அங்கேயே எறிந்திருந்தார்கள். மாப்பிள்ளையின் தகப்பன் புது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவற்றைப் பொறுக்குகிறார். எனக்கு மானம் போனது. ஓடிப்போய், "சம்பந்தி, ஆக்கள் பாக்கினம்" என்றேன்.

"பாக்கட்டும். சாக்கின்ரை வாயைக் கொஞ்சம் பிடியுங்கோ."

பிடித்தேன். கலியாண அல்பத்தில் நான் நன்றாகத் தெரிகிற ஒரே படம் அதுதான்.

அவர் அப்படி ஆனதற்குக் காரணம் அவருடைய கால். கலியாணத்துக்கு முந்தி ஒருநாள் கரையோரத் தண்ணீரில் நடக்கையில் உடைந்த போத்தல் ஓடு ஒன்று கிழித்தது. நீரிழிவுக்காரர், புண் மாறவில்லை. இரண்டு விரல்களை எடுத்தார்கள். வீட்டுக்கு வந்தவர் ஒருவரையும் திட்டாமல் படலையில் சாக்கைக் கட்டினார். அந்தத் தண்ணீரில் இன்றைக்கும் பொடியள் வெறுங்காலோடு இறங்குகிறார்கள் என்பதுதான் அவருடைய கவலை.

சாக்கு நிரம்பினால் லொறி வந்து ஏற்றும். தெற்கே தொழிற்சாலையில் உருக்கினால் திரும்பவும் போத்தல் ஆகும், எத்தனை தரம் உருக்கினாலும் கண்ணாடி குறைந்து போகாது, புதிதாகச் செய்வதை விட நெருப்பும் குறைவாகத்தான் தேவைப்படும் என்பார். "புதுசுக்கு மணல் வேணும் சம்பந்தி. எங்கையோ ஒரு கரையைத்தானே கிண்டுவாங்கள்" என்று ஒருநாள் சொன்னார்.

நானும் உற்சாகத்தில் உடைந்த தேநீர்க் கோப்பையையும் எரிந்துபோன பல்ப்பையும் கொண்டுபோனேன். உடைவதெல்லாம் கண்ணாடி என்று இருந்தவன் நான். இரண்டையும் எடுத்து வெளியே வைத்தார். "உது வேறை சாமான். உது சேந்தா முழுக்கப் பழுது." அதன் பிறகு எதைக் கொடுத்தாலும் ஒரே கேள்விதான்: "மூடி?" மூடி கழற்றாத போத்தலை அவர் கையால் தொடமாட்டார்.

அடக்கத்தன்று சனம் வந்துபோக இடைஞ்சல் என்று மருமகன் சாக்கை அவிழ்த்து வைத்திருந்தான். விஷயம் தெரியாமல் வந்தவர்கள் போத்தல்களை மதிலோரம் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். பின்னேரம் நாய் தட்டி ஒன்று உடைந்தது. மகள் கண்ணாடி ஓடுகளைப் பொறுக்கிக்கொண்டே கேட்டாள்: "அப்பா, இனி ஆர் உதைப் பாக்கிறது?"

"ஞாயிறு ஞாயிறு நான் வாறன்" என்றேன்.

"நீங்களோ? கோப்பையையும் எல்லோ போடுவியள்."

அழுத முகத்தோடு சிரித்தாள். மருமகன் சாக்கைக் கொண்டுவந்து பழைய இடத்தில் கட்டினான்.

அடுத்த ஞாயிறு அந்த ஜாம் போத்தலோடு போனேன். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த ஒரு கேள்விதான். படலையடியில் நின்று, மூடியைக் கழற்றிவிட்டுத்தான் போட்டேன்.