படத்துக்கு முதுகு காட்டாத வீடு

அறுபதுகளில் செம்பூரில் எனக்கு அடுத்த அறையில் ஒரு முன்னாள் ஜமீன்தார் மனைவியோடு குடியிருந்தார். வேலை, ஒரு மில் வாசலில் வாட்ச்மேன். காக்கி உடுப்பில் நின்று, உள்ளே போகிற காருக்கெல்லாம் சலாம் வைப்பார். மீசையை மட்டும் தினமும் மெழுகு தடவி முறுக்குவார்.

அந்த ஒற்றை அறையின் உள்சுவரை அடைத்துக்கொண்டு அவருடைய வாலிப வயது எண்ணெய் ஓவியம் தொங்கியது. சரிகைத் தலைப்பாகை, மடியில் வாள், காலடியில் வேட்டை நாய். அரண்மனையில் அந்தப் படத்துக்கு யாரும் முதுகு காட்டக் கூடாதாம். செம்பூரிலும் அதே சட்டம்தான். அந்தம்மாள் வெளியே வரும்போதெல்லாம் படத்தைப் பார்த்தபடி பின்பக்கமாகவே நடந்து வருவார்.

ஒரு நாள் கஞ்சி வடிக்கச் சோற்றுப் பானையோடு அப்படி வந்தவர், வாசற்படி தடுக்கி விழுந்தார். கொதிக்கிற கஞ்சி காலில் கொட்டிவிட்டது. ஓடிப்போய்த் தூக்கி உட்காரவைத்தேன். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

"ஐயா, முதல்ல அந்தப் படத்தக் கழட்டி எறியுங்க!"

உள்ளே நின்ற ஜமீன்தார் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "அதையும் கழட்டிட்டா நான் வெறும் வாட்ச்மேன்தானே, தம்பி?"

ஒரு கணம் அவர்மேல் எனக்கு இரக்கம்கூட வந்தது. அப்போது அந்தம்மாள் காலை ஊதிக்கொண்டே சொன்னார்:

"இப்படி நடக்க அரமனையில எத்தனையோ பேரு இருந்தாவ, தம்பி. இங்க நான் ஒருத்திதான்."

ஜமீன்தார் மீசையை முறுக்கினார். அந்தம்மாள் காலில் தண்ணீர் ஊற்றக் குழாயடிக்குப் போக எழுந்தார். சுவரைப் பிடித்து நொண்டியபடி, அப்போதும் பின்பக்கமாகவே நடந்தார்.