சுப்பு என்று வாய்விட்டுக் கூப்பிட

ஆரியசாலைக் கடைத்தெருவில் வடிவாம்பாளின் தொண்டையைத் தெரியாதவர்கள் அப்போது கிடையாது. கீழே மிளகாய் வத்தல், மல்லி மொத்தக் கடை, மேலே வீடு. மாடி ஜன்னலில் நின்றுகொண்டு, "ஏ சுப்பூ, சாப்பிட வாட்டி!" என்று ஒரு குரல் விட்டாள் என்றால், மூட்டை இறக்குகிறவர்கள்கூட ஒரு தடவை நிமிர்ந்து பார்ப்பார்கள். சுப்பு என்றால் சுப்ரியா, ஒரே மகள். கோட்டாற்றிலிருந்து கல்யாணமாகி வந்து, வத்தல் நெடியில் தும்மித் தும்மியே பெற்று வளர்த்த பிள்ளை.

அந்தச் சுப்பு, கூட வேலை பார்த்த மஹேஷை ரிஜிஸ்டர் கல்யாணம் பண்ணிக்கொண்டு பெங்களூருக்குப் போய்விட்டாள். பையன் தங்கமானவன், ஆனால் வேற ஜாதி. அது போதாதா அவள் அப்பா திரவியத்துக்கு? கடை வாசலில் நின்று நாலு பேர் கேட்க, "தலை முழுகியாச்சு" என்றார். சுவரில் இருந்த போட்டோக்களை இறக்கினார். "இந்த வீட்டில அவ பேரு கேக்கப்பிடாது. கேட்டா நான் இங்க இருக்க மாட்டேன், பாத்துக்கோ" என்று பெண்டாட்டியிடம் சொன்னார். இருக்க மாட்டாராம்! போனால் போங்கள் என்று சொல்ல வடிவாம்பாளுக்கு வாய் வரவில்லை.

அப்பா கடையில் இருக்கிற மத்தியான நேரமாகப் பார்த்து மகள் எப்போதாவது போன் பண்ணுவாள். அடுக்களைக் கதவைச் சாத்திக்கொண்டு அம்மாக்காரி குசுகுசுவென்று பேசுவாள். கீழே கேட்டுவிடுமே என்று அப்போதும் பேர் சொல்ல மாட்டாள், ஊர்ப் பக்கத்துக் கொஞ்சலில் 'மக்களே, மக்களே'தான். பெத்த பிள்ளையின் பேரைத் தொண்டையில் மீன்முள் மாதிரி வைத்துக்கொண்டு ஒருத்தி வருஷக்கணக்கில் இருந்தாள் என்றால், அதெல்லாம் ஒரு வாழ்க்கையா, சொல்லுங்கள்.

இப்படி இருக்கும்போதுதான் பக்கத்து வீட்டு மலையாளத்துக் காலேஜ் பெண் ஆர்யா, தெருவில் கிடந்த ஒரு பொட்டை நாய்க்குட்டியைக் கொண்டுவந்து மடியில் விட்டாள். "ஆன்ட்டி, நீங்க எடுத்துக்கோங்கோ, பாவமில்லே? ஆனா நல்ல அர்த்தமுள்ள பேரா இடணும், கேட்டோ. டாமி, டைகர்னு ஒண்ணும் வேண்டா." கடைக்குக் காவலாச்சு என்று திரவியமும் விட்டுவிட்டார்.

வடிவாம்பாள் அர்த்தத்துக்கு எங்கே போவாள்? எத்தனையோ பேரை மனசுக்குள் உருட்டிப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்து அர்த்தமுள்ள பேர் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். நாய்க்கு வைத்தால் யார் என்ன கேட்க முடியும்? நாள் பூராவும் கூப்பிடலாமே! சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு, வாய்விட்டுக் கூப்பிட்டாள்: "சுப்பூ!" சோற்று வாசனைக்குக் குட்டி ஓடி வந்தது. அதைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள்.

சாப்பிட வந்த திரவியம் காதிலும் அந்தப் பேர் விழுந்தது. வடிவாம்பாள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் நாயைப் பார்த்தார், பெண்டாட்டியைப் பார்த்தார், பிறகு சிரித்தார்.

"பலே! இப்பத்தாண்டி உனக்குப் புத்தி வந்திருக்கு. அவளுக்கு இதுதான் சரி."

பாவி மனுஷன்! அவள் கொஞ்சுவதற்கு வைத்த பேரை அவர் வைவதற்கு எடுத்துக்கொண்டார். "சுப்பு, எச்சிலை நக்குட்டி" என்பார். கடை ஆட்கள் சிரிப்பார்கள். நான் ஆசையாக வைத்தேன் என்று அவள் சொன்னால் அந்தப் பேரும் போய்விடும். அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு, அவர் கடைக்கு இறங்கியதும் நாயைத் தடவித் தடவிக் கூப்பிடுவாள்.

ஒரு மத்தியானம் மகள் போனில் இருந்தாள். எதற்கோ மேலே ஏறி வந்த திரவியத்தின் காலை நாய் சுற்றியிருக்கிறது. "சுப்பு, சனியனே! போட்டி அங்க! தெருப்பொறுக்கி நாயே!" அடுக்களைக் கதவைத் தாண்டி அந்தச் சத்தம் போனுக்குள் போய்விட்டது.

"அம்மா, அப்பா யாரைச் சொல்லுகாரு?"

"நாய மக்களே. ஒரு குட்டி எடுத்து வளக்கோம்..."

"நாய்க்கா? எம்பேரையா?"

"நான்தான் மக்களே வச்சேன். ஆசையா..." கதவுக்கு வெளியே காலடி கேட்டது. மிச்சத்தை விழுங்கிக்கொண்டாள்.

"நீயாம்மா?" மகள் அழுதாள். "அந்த வீட்டுல இருந்து நான் கொண்டுவந்தது அந்தப் பேரு ஒண்ணுதான். அதையும் நாய்க்குப் போட்டுட்டீங்களே, ரெண்டு பேருமா!"

அதோடு சரி. அதற்கப்புறம் வடிவாம்பாள் கூப்பிட்டால் போன் போகவில்லை. ஆர்யாவின் போனில் பேசிப் பார்த்தாள். குரல் கேட்டதும் கட்டாகிவிட்டது. ஆர்யா நடந்ததையெல்லாம் மெசேஜாக எழுதி அனுப்பினாள். "படிச்சிருக்கா ஆன்ட்டி. பதில் ஒண்ணும் இல்ல" என்றாள்.

நாய்க்கு வேறு பேர் வைத்துப் பார்த்தாள். வள்ளி என்றாள், ராணி என்றாள். அது காதைக்கூட அசைக்கவில்லை. புருஷன் காலில் விழாத குறையாக, "பேர மாத்திருவோம்" என்று கெஞ்சினாள். "எதுக்கு? நல்லாத்தானே இருக்கு" என்றார் அவர்.

இப்போது வடிவாம்பாள் நாயைக் கூப்பிடுவதே இல்லை. சோற்றை வைத்துவிட்டுத் தட்டைத் தட்டுவாள், அது வரும். அதற்காக அந்தப் பேர் வீட்டில் கேட்காமலும் இல்லை. கடைக்குப் போகும்போதும் வரும்போதும் திரவியம் தெருவுக்கே கேட்கக் கத்துகிறார். பெற்றவள் அடுக்களையில் நின்று காதைப் பொத்திக்கொள்கிறாள்.