ஏழு வசதிகளில் மூன்றாவது

எண் போட்டு எழுதுவதுதான் என் வேலை. ஒரகடம் பக்கம் கார் உதிரிபாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் பத்திரிகைச் செய்திக்குறிப்பும் இணையதளப் பதிவுகளும் எழுதுகிறேன். ஐந்து காரணங்கள், ஏழு வசதிகள், பத்து சாதனைகள். படிக்கிறவனுக்கு நேரமில்லை, பத்தி வேண்டாம், எண் போடு என்பது எங்கள் மேனேஜரின் வேதம். கிண்டல் செய்துகொண்டே பல வருஷம் அப்படித்தான் எழுதினேன். இப்போது மூன்று என்று போட்டாலே அதற்கு மேல் எழுத வருவதில்லை.

மகளிர் தினத்துக்காக ‘எங்கள் பெண் ஊழியர்களுக்கு ஏழு வசதிகள்’ என்று இங்கிலீஷில் ஒரு பதிவு கேட்டார்கள். தகவல் சேகரிக்க உற்பத்தி லைனுக்குப் போனேன். கேமராவைப் பார்த்ததும் பலர் “எல்லாம் நல்லாதான் கீது” என்று நழுவிவிட்டார்கள். வல்லக்கோட்டை பக்கத்திலிருந்து வரும் ஓர் அக்கா மட்டும் நின்று பேசினார்.

“பஸ்ஸு வுட்டுக்கீறாங்க, இல்லன்னு சொல்லல. ஆனா எங்க ஊருக்கு எதிர்பக்கம் எறக்கி வுட்டுட்டுப் பூடுறான் மேடம். லாரிங்க வர்ற ரோட்ட தாண்டி வர்றதுக்குள்ள உசுரு போய் உசுரு வருது. அதயும் எழுதிக்கோங்க.”

எழுதினேன். பஸ் உண்டு, ஆனால் சாலையின் எதிர்ப்புறம் நிற்கிறது என்று மூன்றாவது எண்ணில் அப்படியே போட்டேன். மேனேஜர் படித்துவிட்டு, “இது வசதிங்க லிஸ்ட்டும்மா. இதுல ஏன் கம்ப்ளெய்ன்ட்? அத தனியா ஹெச்.ஆருக்கு மெயில் போட்டுடு” என்றார். பட்டியலில் ‘ஆனால்’ என்ற சொல்லுக்கு இடமே கிடையாது. வெட்டினேன். ‘சேஃப் டிரான்ஸ்போர்ட்’ என்று இரண்டே சொல் மிஞ்சியது. பக்கத்தில் அந்த அக்கா சிரிக்கிற படம். அந்த மெயிலை நாளைக்குப் போடலாம் என்று நினைத்தேன். போடவில்லை.

அடுத்த வாரம் அந்த அக்கா என்னைக் கேன்டீனில் பார்த்து, “எழுதிட்டீங்களா மேடம்?” என்று கேட்டார். “எழுதிட்டேன்கா” என்றேன். ஒரு தடவை எழுதினேன்தானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

இரண்டு மாதம் கழித்து, முதல் ஷிப்ட் முடிந்த மதியம், பட்டப்பகலில், பஸ்ஸை விட்டு இறங்கிச் சாலையைக் கடந்தபோது லாரி அடித்து அந்த அக்கா அங்கேயே இறந்துபோனார். அன்றே செய்திக்குறிப்பு கேட்டார்கள். இரங்கல், குடும்பத்துக்கு உதவி, விசாரணை என்று ஐந்து எண்ணில் முடித்துக்கொடுத்தேன். எந்தப் பக்கம் இறக்கிவிடப்பட்டார் என்பதற்கு அதில் எண் இல்லை. எழுத அரை மணி நேரம்கூட ஆகவில்லை, அதை நினைத்தால்தான் இன்றும் பயமாக இருக்கிறது. அவர் அடிபட்ட இடத்தைத் தாண்டும்போது எங்கள் கம்பெனியின் நீலக் கோட்டு போட்ட யார் நின்றாலும் அவராகத்தான் தெரிகிறார்.

காரியம் முடிந்து அவருடைய வீட்டுக்காரர் கம்பெனிக்கு வந்தார். சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். உதவித்தொகைக்குக் கையெழுத்தெல்லாம் போட்டுவிட்டு என்னை விசாரித்துக்கொண்டு என் மேஜைக்கு வந்து, போனில் அந்தப் பதிவைக் காட்டினார்.

“பஸ்ஸு விசயமா நானே வந்து பேசறேன்னு சொன்னேன் மேடம். அவதான் நீ வராத, மேடம் எழுதிக்கினாங்க, மாத்திடுவாங்கன்னா. இதுல அது எங்க கீதுன்னு காட்றீங்களா? எனக்கு இங்கிலீஸ் வராது.”

மூன்றாவது எண்ணில் விரலை வைத்தேன். அந்த இரண்டு சொல்லைப் பார்த்துக்கொண்டே, அக்கா சொன்ன அத்தனையையும், எதிர்பக்கம், லாரி, உசுரு எல்லாவற்றையும், அங்கே எழுதியிருப்பதுபோலத் தமிழில் வாசித்துக் காட்டினேன். அவர் அழுதார். அவள் சொன்னது சரிதான் என்றார். எனக்கு நன்றி வேறு சொன்னார்.

அந்தப் பக்கத்தை அச்செடுத்துத் தரச் சொன்னார். கொடுத்தேன். மடிக்காமல் ஒரு கவரில் வைத்துக்கொண்டார்.

“எங்க பொண்ணு இங்கிலீஸ் மீடியம் மேடம்” என்றார். “வூட்டுக்குப் போனதும் அவள படிக்கச் சொல்றேன்.”