கழுத்தை மிதிக்கச் சொன்னார்கள்

கழுத்துப் பட்டை, வாக்கர், மடக்குக் கட்டில் என்று விழுந்தவர்களுக்கான சாமான் விற்கிற கடை என்னுடையது; இந்தத் தொழிலில் நோயாளியோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை, அவரைக் கூட்டி வருகிறவர்களோடுதான். வயசானவர்களை வைத்துக்கொண்டு சொந்தக்காரர்களின் வைத்தியத்தில் மாட்டி முழிக்கிற உங்களுக்கு இது புரியும்.

நாற்காலி உயரம்

ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போகிற கோவிந்தராஜ், ஷிப்ட் முடிந்து யூனிபார்மோடு வந்தான். "கழுத்துப் பட்டை ஒண்ணு குடுங்கண்ணா, பாத்துப் போட்டுக் குடுங்க." அப்பாவுக்காம். செருப்பை எடுக்கக் குனிந்தவர் நாற்காலியோடு சரிந்துவிட்டார். முந்தாநாளிலிருந்து கழுத்தைத் திருப்ப முடியவில்லை. எக்ஸ்ரே எடுத்தாயா? இல்லை. தைலம்? ஓ, தேய்த்தாச்சு!

எனக்குச் சுர்ரென்று ஏறியது. பேரம் எனக்குப் பிடித்த விளையாட்டுதான். பெற்றவர் கழுத்தை வைத்து ஆடுகிறதில்லை. "எக்ஸ்ரே பாக்காம பட்டையைத் தொட விடமாட்டேன், போடா" என்றேன். அவன் என்னைப் பைத்தியக்காரனைப் போலப் பார்த்தான். "என்னண்ணா, அவரென்ன மாடியிலேர்ந்தா விழுந்தாரு? பிளாஸ்டிக் சேர்லேர்ந்துண்ணா!"

பிறந்த விதம்

சாயங்காலம் திரும்ப வந்தான். ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வருகிறான் என்று பார்த்தால், பைக்கில் நடுவே அப்பா, பின்னால் பெண்டாட்டி சரோஜா. ஜூஜுவாடியில் இருக்கிற வீட்டிலிருந்து ஒவ்வொரு வேகத்தடையிலும் ஏறி இறங்கி வந்திருக்கிறார்கள். பெரியவர் இரண்டு கையாலும் தன் தலையைத் தண்ணீர்க் குடம் மாதிரி தாங்கிப் பிடித்திருந்தார்.

விஷயம் இதுதான். நான் கால் முன்னே வந்து பிறந்தவன். அப்படிப் பிறந்தவன் மிதித்தால் சுளுக்குப் போகும் என்று எங்கள் பக்கம் ஒரு நம்பிக்கை. டீக்கடையில் எவனோ இவர்களிடம் ஊதிவிட்டான். "கழுத்தை மிதிக்கணுமா? கொலைகாரப் பாவிங்களா!" என்று நான் போட்ட சத்தத்தில் எதிர்க்கடைக்காரர் எழுந்து வந்துவிட்டார். சரோஜா அசரவில்லை. "நல்லா கோவப்படுங்கண்ணா, கோவத்தோட மிதிச்சாத்தான் சீக்கிரம் கேக்குமாம்."

என் பேரம்

மேலும் திட்டினால் வேறொருவன் காலைத் தேடிப் போவார்கள். அதனால் பேரத்தில் இறங்கினேன். "ஸ்கேன் எடு. எலும்பு நல்லா இருந்தா நானே மிதிக்கிறேன், பட்டையும் சும்மா." சும்மா என்றதும் கோவிந்தராஜ் மசிந்தான். ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு, அது வரும்வரை பெரியவரை அசைய விடாமல் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். விரலெல்லாம் மரத்துப்போகுது என்றார், ஏதோ வெளியே பனி பெய்கிறது என்பதுபோல். ஆம்புலன்ஸுக்கு இன்னொரு தடவை போன் போடச் சொல்லிக் கத்தினேன். அவரோ என்னைச் சமாதானப்படுத்தினார். "உனக்கு எதுக்குப்பா சிரமம்? வெறும் புடிப்புதான்."

டாக்டர் அறை

கழுத்தில் இரண்டாவது எலும்பு உடைந்திருந்தது. எலும்பு பலம் போய் ரஸ்க் மாதிரி ஆகிவிட்டது, அதற்கு நாற்காலி உயரமே போதும், ஒரு மிதி விழுந்திருந்தால் கைகால் போயிருக்கும், மூச்சே நின்றிருக்கலாம் என்றார் டாக்டரம்மா. கோவிந்தராஜ் சுவரில் சாய்ந்து அழுதான். அறையலாம் என்று ஓங்கிய கையை மடக்கிக்கொண்டேன்.

பெரியவர் பிழைத்துக்கொண்டார். பட்டையைக் கழற்றுகிற நாளில் நானும் போயிருந்தேன். "வீட்ல அம்மாவுக்கும் எலும்பு பலம் எப்படி இருக்குன்னு பாத்துடுங்க" என்றார் டாக்டரம்மா. அன்றைக்கு அப்படி அழுதவன், உடனே தலையாட்டுவான் என்றுதான் நினைத்தேன். "அம்மாவுக்கு எதுக்கு மேடம்? அவங்கதான் இன்னும் விழவே இல்லையே!"

எங்கள் ஊரில் எலும்புக்கு மரியாதை கிடைக்க வேண்டுமென்றால், முதலில் அது உடைந்தாக வேண்டும்.