மீன்தொட்டிக்கு மேலே ஒரு வேம்பு

வீட்டுப் பின்புறம் மீன்தொட்டி வைக்க இடம் பார்த்தபோது சின்னதாக ஒரு பட்டியல் போட்டேன். பிளக் பாயிண்ட் அருகில் இருக்க வேண்டும். தரை மட்டமாக இருக்க வேண்டும். காலை வெயில் வேண்டும், மதிய வெயில் கூடாது. எல்லாம் பொருந்தி வந்தது ஒரே மூலைதான். பக்கத்து வீட்டு வேப்பமரம் சுவரைத் தாண்டிக் கிளை நீட்டியிருந்த மூலை.

ஏற்பாடு எளிமையானது. தொட்டியில் ஜிலேபி மீன்கள். அவற்றின் கழிவு கலந்த தண்ணீரைச் சின்ன மோட்டார் ஒன்று ஜல்லி நிரப்பிய பாத்திக்கு ஏற்றும். பாத்தியில் இருக்கும் கீரையும் புதினாவும் தக்காளியும் சத்தை எடுத்துக்கொள்ள, தெளிந்த தண்ணீர் மறுபடி தொட்டிக்கே வரும். நான் முதலிபாளையம் பக்கம் ஒரு சாயப்பட்டறையின் லேபில் வேலை பார்க்கிறேன். பகலெல்லாம் கலங்கிய தண்ணீரையே பார்த்துவிட்டு வருகிறவளுக்கு, வீட்டில் ஒரு தண்ணீர் தானாகத் தெளிவதைப் பார்க்கப் பிடித்திருந்தது.

மரம் தொட்டிக்கு என்ன செய்கிறது என்றும் கவனித்து வந்தேன். கோடையில் தண்ணீர் சூடேறாமல் காத்தது அந்த நிழல்தான். சூடான தண்ணீரில் மீனுக்கு மூச்சுக்காற்று போதாது. ஆனால் அதே கோடையில் பூவைக் கொட்டும். இலைகள் மோட்டாரின் வாயை அடைக்கும். ஊறிய இலைகளால் தண்ணீர் டீ நிறமாகும். கிளையில் உட்காரும் காக்கைகளும் சும்மா இருப்பதில்லை. தக்காளி வெயிலைத் தேடிக் கோணலாக வளர்ந்தது. கூட்டிக் கழித்தால் லாபம்தான். இருந்தாலும் காலையில் வலையை எடுத்துக்கொண்டு இலை அரிக்கும்போது அந்த லாபம் நினைவுக்கு வராது.

சுவருக்கு அந்தப் பக்கம் வாடகைக்கு இருந்த அக்கா திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். அவர் வீட்டுக்காரர் பனியன் கம்பெனியில் டெய்லர். அக்கா வீட்டிலிருந்தபடியே பிசிறு வெட்டிக் கொடுப்பார். தைத்த துணிகளில் தொங்கும் நூல்முனைகளை நறுக்கும் வேலை. சிமென்ட் ஷீட் போட்ட அந்த வீட்டுக்குள் பகலில் உட்கார முடியாது. மரத்தடியில் சாக்கை விரித்து, சின்ன மகளைப் பக்கத்தில் விளையாட விட்டுவிட்டு, சாயங்காலம் வரைக்கும் கத்தரியும் கையுமாக இருப்பார்.

"இவ பள்ளிக்கூடம் போற வரைக்கும் இந்த மரத்து மூடுதான் எனக்குக் கம்பெனி, பாத்துக்க" என்பார்.

ஒருநாள் நான் பூ அரிப்பதைப் பார்த்து, "என்ன பிள்ளே, எங்க மரம் ஒன்னைய சும்மா இருக்க விடாது போலயே" என்றார்.

"மீனுக்கு வேப்பம்பூ ரசம் வெக்குதுங்க்கா உங்க மரம்" என்றேன்.

சிரித்தார். ஆனால் மனதில் வைத்துக்கொண்டுவிட்டார். சில நாள் கழித்துச் சுவர் வழியாக ஒரு மூடியை நீட்டினார். கம்பெனியில் கழித்த கருநீலத் துணி. ஓரம் முழுக்க எலாஸ்டிக் வைத்து வீட்டுக்காரரிடம் தைத்து வாங்கியிருந்தார். "ஒந் தொட்டிக்குத் தொப்பி. மாட்டிப் பாரு, அளவு சரியா இருக்கும்."

இந்த ஊரில் துணியையும் தண்ணீரையும் சேர்த்து நினைத்தாலே எல்லோருக்கும் சாயம்தான் பயம். எனக்கும் அப்படித்தான். ஈர வெள்ளைத் துணியால் தேய்த்துப் பார்த்தேன். ஓரத்தில் ஒரு துண்டை வெட்டி வெந்நீரில் போட்டுப் பார்த்தேன். நிறம் இறங்கவில்லை. லேபில் சொல்வதுபோல பாஸ் என்று சொல்லித் தொட்டியை மூடினேன். அதற்குப் பிறகு இலை அரிக்கும் வேலையே இல்லை.

ஆனி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மாலை நல்ல மழை. துணி முழுக்க நனைந்து, தண்ணீர் தொட்டிக்குள் வடிந்தது. காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. மதியத்துக்குள் எல்லாம் மல்லாந்துவிட்டன. மூடி மேலே வேப்பங்காய்கள் சிதறிக் கிடந்தன, உள்ளேயும் இரண்டொன்று விழுந்திருந்தன.

"வேப்பங்கா உழுந்துருக்குது பாரு. கசப்பு எறங்குன தண்ணில மீனு எங்க பொழைக்கும்?" என்றார் அப்பா. அந்தப் பக்கம் அக்காவுக்கும் அது கேட்டிருக்கும்.

எனக்குக் கண்ணில் பட்டது வேறு. பாத்தியிலிருந்து தண்ணீர் திரும்பும் குழாயின் அடியில் வெள்ளையாக நுரை. அந்த நுரையை எனக்குத் தெரியும். துணி மெத்தென்று இருக்கக் கடைசியில் ஏற்றுகிற சாஃப்ட்னரின் நுரை. தோலுக்கு இதமான அது, மீனின் செவுளுக்கு ஆகாது. நான் சாயத்தைத் தேடினேனே தவிர, அதைத் தேடவில்லை. சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள இரண்டு பக்கெட்டில் நல்ல தண்ணீர் பிடித்து, ஒன்றில் வேப்பங்காயும் இலையும், மற்றதில் மூடியின் ஒரு துண்டும் போட்டு, இரண்டுக்கும் காற்றுக் குழாய் விட்டு வைத்தேன்.

அன்று சாயங்காலமே பக்கத்து வீட்டின் சொந்தக்காரர் வந்துவிட்டார். "மன்னிச்சுக்குங்க சாமி. நம்ம மரத்தால உங்களுக்குச் சேதாரமாப் போச்சு. நாளைக்கு ஆளு வருதுங்க, மரத்த எடுத்துப் போடறனுங்க."

"மரம் இல்லீங்க மாமா. துணியில இருந்த மருந்துன்னு நெனைக்கறனுங்க. தண்ணில போட்டு வெச்சிருக்கறேன், காலைல தெரிஞ்சுருமுங்க. அதுவரைக்கும் பொறுங்க."

"அப்படீங்களா? சரிங்க கண்ணு, பாத்துக்கலாங்க."

எங்கள் பக்கத்தில் அப்படிச் சொன்னால் பேச்சு அத்தோடு முடிந்தது என்று அர்த்தம். சம்மதம் என்று அர்த்தமில்லை. பிறந்ததிலிருந்து கேட்கிற பேச்சு. காலை வரை பொறுப்பார் என்று நம்பினால் தேவலை என்றிருந்ததால் நம்பினேன். அந்த இடத்தில் இரண்டு ரூம் கட்டி வாடகைக்கு விட அவருக்கு ரொம்ப நாளாக ஆசை. அக்காதான் ஒவ்வொரு முறையும் கெஞ்சித் தள்ளிப்போட்டுக்கொண்டு வந்தார்.

ஞாயிறு காலை வேப்பங்காய் பக்கெட் இருந்தபடியே இருந்தது. துணி போட்ட பக்கெட்டில் நுரை விளிம்பு வரை ஏறியிருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடியபோது பாதி மரம் தரையில் கிடந்தது. ரம்பத்தின் சத்தத்தில் நான் சொன்னது யாருக்கும் கேட்கவில்லை.

அக்கா சுவரருகே வந்தார். "எங்க மரத்தால ஒம் மீனெல்லாம் போச்சே பிள்ளே."

நான் பக்கெட்டைக் காட்டிச் சொன்னேன்.

"அப்போ மரம் ஒண்ணும் செய்யலியா?"

"இல்லீங்க்கா."

"நாந் தந்த துணியா?"

"நாந்தாங்க்கா பாத்துட்டு மூடுனேன்."

அது அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. "இத அவருட்ட நேத்தே சொல்லப்பிடாதா?"

"சொன்னனுங்க்கா."

குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்.

பச்சை நிழல்வலை வாங்கித் தொட்டிக்கும் அவர் முற்றத்துக்கும் சேர்த்துக் கட்டினேன். வலை வெயிலைக் குறைத்தது, சூட்டைக் குறைக்கவில்லை. மதியத்தில் தொட்டித் தண்ணீர் வெதுவெதுப்பாகிவிடும், புதிதாக விட்ட குஞ்சுகள் அடியில் போய் ஒண்டிக்கொள்ளும். அக்கா கொஞ்ச நாள் வலைக்கடியில் உட்கார்ந்து பார்த்தார். குழந்தைக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு. ஆடி பிறந்ததும் மகளை ஊரில் தன் அக்கா வீட்டில் விட்டுவிட்டு வந்து, கம்பெனியில் செக்கிங் வேலைக்குச் சேர்ந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் முற்றத்தில் நின்று மகளோடு வீடியோ காலில் பேசுவார். போன வாரம் நான் பாத்தியில் கீரை கிள்ளிக்கொண்டிருந்தேன்.

"எம்மா, எங்க நிக்க? அது யாரு வீடு?" என்றது போனில் குழந்தையின் குரல்.

"நம்ம வீடுதாம்ளா."

"இல்ல. பொய்யி."

அக்கா போனைத் திருப்பிக் கதவைக் காட்டினார். குழாயடியைக் காட்டினார். "இப்பத் தெரியுதா? இந்தா, நீ குளிக்கிற எடம்." மரம் நின்ற இடத்தில் புது ரூமுக்குக் கடைக்கால் தோண்டிப் போட்ட மண்மேட்டைச் சுற்றிக்கொண்டு இன்னும் கொஞ்சம் தள்ளிப் போய், சன்னலையும் காட்டினார்.