வெட்டாத இருமல்

பெரியநாயக்கன்பாளையத்தில் லேத் பட்டறை வைத்திருந்த அவர், வாரம் ஒருமுறை யூடியூபில் அரசியலும் மதமும் பேசுவார். வீடியோ எடுத்து எடிட் செய்வது என் வேலை. கிரீஸ் போகக் கைகழுவி, திருநீறு பூசிக்கொண்டுதான் கேமரா முன் உட்காருவார். பட்டறைத் தூசியில் அடிக்கடி இருமுவார்.

“இருமலை மட்டும் வெட்டிப்போடுங்க அம்மணி. பேச்சுல கை வெக்காதீங்க” என்பார். நானும் வைத்ததில்லை.

ஒருநாள் மதம் மாறியவர்களைப் பற்றிப் பேச்சு. “சோத்துக்காக நம்ம சாமிய விட்டுப்போட்டுப் போனவங்க” என்று குரலை உயர்த்தினார்.

கேமராவை நிறுத்தாமலே கேட்டேன். “எங்கப்பாவும் மாறுனவருதானுங்க. அவரையும் சேத்தித்தான் சொல்றீங்களா?”

அவர் முகம் இறுகியது. “சேத்தித்தானுங்க. எதுத்தாப்பல இருக்கற ஆளைப் பாத்துப் பேச்சை மாத்துனா, நான் எதுக்குங்க பேசோணும்?”

“சோத்துக்குப் போகலீங்க. ஊர்க்கோயிலுக்குள்ள விடலைன்னுதான் போனாரு.”

பதில் சொல்ல வாயைத் திறந்தார். இருமல் வந்தது. வெகுநேரம் இருமினார். அது தூசியால் வந்ததுதானா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

எடிட் செய்தபோது என் குரலை வெட்டினேன். அந்த இருமலை வெட்டவில்லை.

முடித்த வீடியோவைப் பார்த்தார். அப்படியே வெளியிட்டார்.