வரிச்சலுகைக் கண்ணாடியில் தாளடி நெல்

மழை விட்ட மறுநாள் பங்குனி வெயிலுக்கு ஒரு தனி நிறம் உண்டு. அன்று திருத்துறைப்பூண்டிக் கடைவீதி அந்த நிறத்தில் மிதந்துகொண்டிருந்தது. தார் ரோடு நெடுக ஊராரின் நெல். தூங்குகிற பிள்ளையை எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல பஸ்கள் ஓரமாக ஒதுங்கி மெதுவாகப் போயின. இப்போது நினைத்தாலும் அந்த நாள் கனவில் கண்டதுபோலத்தான் வருகிறது. ஆனால் நடந்தது நிஜம், பிள்ளைகளே. உங்கள் அம்மாவைக் கேளுங்கள்.

அப்போது நான் அங்கே ஒரு லாட்ஜுக்கு மேனேஜர். பத்தாவது ஃபெயிலானவனுக்கு அது பெரிய உத்தியோகம். முதலாளி பழைய மிராசுதார். நில உச்சவரம்புச் சட்டத்தில் அவர் நிலத்தில் பெரும்பகுதி போய்விட்டது. கோர்ட்டு வரைக்கும் போய்ப் பார்த்தார், நிற்கவில்லை. மிச்சத்தை விற்றுத்தான் அந்தக் கட்டடத்தைக் கட்டினார். கீழே கல்யாணக் கூடம், மேலே தங்கும் அறைகள். சட்டத்தில் போன நிலத்தில் மூன்று மா, அவரை எதிர்த்துக் கொடி பிடித்த எங்கள் அப்பா பேருக்குப் பட்டாவானது. அப்படியிருந்தும் என்னை வேலைக்கு வைத்துக்கொண்டார். அது ஏன் என்று நான் கேட்டதில்லை.

கூடத்தை அவர் ஆசையாகக் கட்டியிருந்தார். உயரத்தில் வரிசையாக ஜன்னல்கள். பகலில் விளக்கும் வேண்டாம், விசிறியும் வேண்டாம். ஆனால் அறைகளுக்கு வெந்நீர் போடுகிற கரண்ட் பில் அவரைத் தின்றுகொண்டிருந்தது. கடனும் இருந்தது. கட்டடத்தை வாங்க ஒருவர் அட்வான்ஸோடு காத்திருந்தார். அந்தச் சமயத்தில்தான் தஞ்சாவூர் ஆடிட்டர் ஒரு வழி சொன்னார். வெயிலில் தண்ணீர் காய்கிற கண்ணாடிப் பெட்டிகளை மொட்டை மாடியில் வைத்தால், அந்தச் செலவு முழுவதையும் அந்த வருஷத்து வருமானத்திலேயே கழித்துக்கொள்ளலாம். வரி அதற்குத் தக்கபடி குறையும். கரண்டை மிச்சம் பிடிக்கிறவர்களுக்கு அரசாங்கம் காட்டுகிற சலுகை. கையில் பணமாகத் தருவதில்லை. நம்மிடம் வாங்க வேண்டியதில் கொஞ்சத்தை வாங்காமல் விடுகிறது. எனக்கே இது விளங்க ரொம்ப நாளாயிற்று, அதனால்தான் விளக்கிச் சொல்கிறேன். மார்ச் மாதம் முடிவதற்குள் பெட்டி வேலை செய்ய வேண்டும், அந்த வெந்நீரை ஒருவராவது உபயோகித்திருக்க வேண்டும். இன்ஜினீயர் ஒருவர் நேரில் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும்.

"கையெழுத்து கிடைக்கலேன்னா வித்துடுவேன்ப்பா. நீயும் வேற வேலை பாத்துக்க வேண்டியதுதான்" என்று முதலாளி சொல்லிவிட்டார்.

பெட்டிகள் வந்து இறங்கிய அன்று எதிர் டீக்கடைக்காரர் சும்மா இருக்கவில்லை. "என்னங்க முதலாளி, மாடியிலயும் சூரியனா? அந்தக் கட்சியில எப்பச் சேந்தீங்க?"

"அந்தச் சூரியன் நெலத்தை வாங்கிட்டுப் போச்சு. இந்தச் சூரியனாவது ஏதும் குடுக்குதான்னு பாப்போம்" என்றார் முதலாளி.

பெட்டிகளை மாட்டி முடித்ததும் காலமில்லாத காலத்தில் மழை பிடித்துக்கொண்டது. நம் தாளடி, குறுவைக்கு அடுத்த போகத்து நெல், அறுத்த கையோடு நனைந்துவிட்டது. ரோட்டில் காயப்போட இடமில்லை. லாட்ஜ் மாடியில் போட்டுக்கொள்ள முதலாளியிடம் கேட்டேன், சரி என்றார். மார்ச் கடைசி நாள் வெயில் வந்தது. நான் வாசலில் இன்ஜினீயருக்காக நின்றேன். உங்கள் அம்மா காலையிலேயே ஆள் வைத்து நெல்லை மாடிக்கு ஏற்றியிருந்தாள்.

இன்ஜினீயர் மத்தியானத்துக்கு முன்பே வந்துவிட்டார். ஓர் அறையில் குழாயைத் திறந்து கையை நீட்டினார்.

"என்னங்க, ஆத்துத் தண்ணி மாதிரி ஜில்லுன்னு வருது?"

முதலாளி என்னைப் பார்த்தார். மூவரும் மாடிக்கு ஏறினோம்.

அங்கே கண்ட காட்சி இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை. மாடித் தரையெல்லாம் மழைத் தண்ணீர். அதில் வானம் கிடந்தது. நடுவே, சாய்ந்து நின்ற கண்ணாடிப் பெட்டிகள் மேல் சாக்கு விரித்து, சாக்கு மேல் நம் நெல். தண்ணீருக்குப் போக வேண்டிய சூடெல்லாம் நெல்லிலிருந்து வெள்ளை ஆவியாகக் கிளம்பிக்கொண்டிருந்தது. அந்த ஆவிக்குள் உங்கள் அம்மா, குழந்தையின் முதுகைத் தடவுவதுபோல நெல்லைக் கையால் தடவிக் கிளறிக்கொண்டு நின்றாள்.

"ஏம்மா, இது மேல எதுக்குப் போட்டே?" என்றார் முதலாளி.

"தரையில தண்ணி நிக்குதுங்க. இன்னிக்குக் காயலேன்னா மொளைச்சிடும். இது சும்மா சுட்டுக்கிட்டுக் கெடந்துச்சு."

இன்ஜினீயர் விழுந்து விழுந்து சிரித்தார். "சும்மா சுட்டுக்கிட்டுக் கெடந்துச்சாம்! சார், வரிச்சலுகைக்குப் பெட்டி வச்சிருக்கீங்கன்னு வந்தேன். நீங்க நெல்லுக் களமில்ல போட்டிருக்கீங்க!"

முதலாளி ஒரு நெல்லை எடுத்துப் பல்லில் வைத்துக் கடித்தார். "எந்த வயலு?"

"வாய்க்கா மேட்டு மூணு மாங்க."

"என் வயலு."

"இப்ப எங்க வயலுங்க" என்றாள் உங்கள் அம்மா.

நெல்லை எடுத்தால் விளைச்சல் போகும், விட்டால் வேலை போகும்.

முதலாளி இன்ஜினீயர் பக்கம் திரும்பினார். "எவ்வளவு நேரம் வெயில் வேணும்?"

"இப்ப நெல்லை எடுத்துட்டா மூணு மணிக்கு மேல தண்ணி காஞ்சிடும். நாலு மணி பஸ்ஸ விட்டா நான் ஊர் போய்ச் சேர முடியாது."

"ஏம்ப்பா, கூடத்தைத் தொற. மேல் ஜன்னல் பூராத்தையும் தொற."

"மொசைக் தரைங்க. கீறல் விழும்."

"விழட்டும். மொளைச்ச நெல்லை எவன் வாங்குவான்?"

சொல்லிக்கொண்டே ஒரு சாக்கின் நுனியைப் பிடித்தார். "அந்தப் பக்கம் பிடிம்மா." படியில் அவர் மேலே, உங்கள் அம்மா கீழே. "மெதுவாங்க, சிந்துது, சிந்துது" என்று அவள் அதட்ட, "எல்லாம் தெரியும், நீ படியப் பாத்து நட" என்று அவர் முணுமுணுக்க, மறு சாக்கோடு நான் பின்னால் போனேன்.

அதன்பிறகு ஒரு நீண்ட மத்தியானம். கல்யாணம் நடக்கிற கூடம் முழுக்கப் பொன்னிறமாய் நெல் படுத்திருந்தது. உயர ஜன்னல்களில் நுழைந்த காற்று அதன் மேல் நடந்து போயிற்று. ஈர வைக்கோல் வாசனை. இன்ஜினீயர் நாற்காலியில் அப்படியே தூங்கிவிட்டார். முதலாளி மட்டும் ஒரு தூணில் சாய்ந்து, கண்ணை எடுக்காமல் அந்த நெல்லையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்று மணிக்கு மேல் இன்ஜினீயர் மறுபடி குழாயைத் திறந்தார். "அம்மாடி!" என்று கையை உதறினார். "தண்ணி காஞ்சிடுச்சு. உபயோகிச்சது யாரு? ஒருத்தராவது குளிக்கணும்ல?"

அறைகள் காலி. வியாபார விஷயமாக வந்து தங்குகிறவர்கள் ராத்திரி பஸ்ஸுக்குத்தான் திரும்புவார்கள். நான் குளிக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். நெல்லுத் தூசியில் உங்கள் அம்மா கழுத்தையும் கையையும் சொறிந்துகொண்டு ஒதுங்கி நின்றாள். முதலாளி அதைப் பார்த்தார். சாவிப் பலகையிலிருந்து முன்னறைச் சாவியை எடுத்து அவள் கையில் வைத்தார்.

"போய்க் குளிம்மா. உடம்பெல்லாம் சுணை."

"இந்த ரூம்லயாங்க?"

"வேற எங்க வெந்நீ வருது?"

அவள் உள்ளே போய்த் தாழ் போட்டாள். நாங்கள் மூவரும் நடையில், யாரும் யார் முகத்தையும் பார்க்காமல் நின்றோம். வாளியில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. அப்புறம் அவள் குரல்.

"ஐயய்யோ, கொதிக்குதுங்க!"

இன்ஜினீயர் காகிதத்தைச் சுவரில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். முதலாளி கதவருகே போய் நின்று, முகத்தை இந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு சொன்னார்:

"பச்சைத் தண்ணிக் கொழா பக்கத்துலயே இருக்கும்மா. வெளாவிக் குளி. அவசரமில்ல."